ஸ்டார்ட்டரைக் கழற்ற எரிபொருள் குழாய் தடுக்கிறதா?

வணக்கம். உங்கள் விமான எஞ்சினின் கியர்பாக்ஸ் (துணைக்கருவிகள் பொருத்தப்படும் பல்சக்கரப் பெட்டி) வரைபடத்தில், எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரைக் கழற்ற எரிபொருள் குழாயையும் அவிழ்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வரைபடத்தில் அந்தக் குழாயை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அதைப் பிரித்தால் புது சீல், கசிவுச் சோதனை என்று வேலை வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம், ஸ்டார்ட்டரைப் பொருத்தச் சுற்றிலும் போல்ட் வேண்டாம். வி-பேண்டு கிளாம்ப் (இரு விளிம்புகளையும் சேர்த்துச் சுற்றி இறுக்கும் பட்டை) வைத்தால் ஒரே நட்டுதான். அந்த நட்டு, கவுலை (எஞ்சின் மூடியை) திறந்து நிற்பவரின் கைப்பக்கம் இருக்கட்டும். ஸ்பேனர் நுழைந்தால் மட்டும் போதாது, அதைச் சுழற்றவும் இடம் வேண்டும். ஸ்டார்ட்டர் கனமான பொருள். கியர்பாக்ஸுக்குள் செருகியிருக்கும் அதன் ஸ்ப்ளைன் தண்டு (நீளவாக்கில் பற்கள் வெட்டிய தண்டு) முழுதாக வெளியே வரும்வரை நேராக இழுக்க இடைவெளி விடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

போயிங் 737-300இன் சிஎஃப்எம்56-3 எஞ்சினைப் பாருங்கள். தரை இடைவெளிக்காகத் துணைக்கருவிகளை அடியிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றியிருப்பார்கள். உங்கள் கியர்பாக்ஸையும் அப்படி வைத்து வரைந்து பாருங்கள்.