பனி விழுமுன் மாட்டுப் பண்ணையில் முடிக்க வேண்டியவை

கேள்வி: கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். 200 தாய் மாடுகள். மார்ச்சில் கன்று ஈன்றவை. கன்று பிரிப்பது, சினை பார்ப்பது, தடுப்பூசி, தீவனக் கையிருப்பு எல்லாம் அக்டோபரில் ஒன்றாக வந்து நிற்கின்றன. எதை முதலில் செய்வது? எங்கே தவறு நேரும்?

பதில்: இந்த வேலைகள் எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: ஜனவரிக் குளிர் வரும்போது தாய் மாட்டின் உடம்பில் போதிய சதை இருக்க வேண்டும். அதனால் நாள்காட்டியைப் பார்க்கும் முன் மாட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று விலா எலும்புகளை எண்ணுங்கள். கடைசி ஒன்றிரண்டு மட்டும் லேசாகத் தெரிந்தால் உடல் சதையை 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பிடும் அளவுகோலில் அது 5, போதும். மூன்று நான்கு தெரிந்தால் 4. முதல் ஈற்றுக் கிடாரிகள் ஈனும்போது 6 இருப்பது நல்லது. குளிர்கால ரோமம் மறைத்துவிடும் என்பதால் சந்தேகம் வந்தால் விலாவைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு மதிப்பெண் ஏற 40 கிலோ வரை எடை கூட வேண்டும். அக்டோபரில் அது நடக்கும். ஜனவரியில் மாடு தின்பதில் பெரும்பகுதி உடல் சூட்டுக்கே போய்விடும்.

கன்றைப் பிரித்ததும் பால் வற்றி, மாட்டின் தீவனத் தேவை கால் பங்குக்கு மேல் குறைகிறது. ஆகவே மாடுகள் மெலிந்திருந்தால் வழக்கமான தேதிக்குக் காத்திருக்காமல் இரண்டு மூன்று வாரம் முன்பே பிரியுங்கள். காய்ந்த மேய்ச்சல் புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கத் திணறும். மாடு புல்லின் நடுவிலேயே மெலியும். தினம் ஒரு கிலோ வீதம், 30 சதவீதப் புரதமுள்ள அடர்தீவனம் கொடுத்தால் அதே புல் பயன்படும். வாரக் கணக்கை மூன்று தவணையாகப் பிரித்தும் போடலாம்.

பிரிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கன்றுகளுக்குச் சுவாச நோய்த் தடுப்பூசியும் சப்பை நோய்த் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். பிரிக்கும் நாளில் போட்டால், எதிர்ப்புச் சக்தி உருவாக வேண்டிய நேரத்தில் கன்று அழுத்தத்தில் இருக்கும். உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைக் கலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் அளவே கலக்குங்கள். பெட்டியில் பனிக்கட்டி வையுங்கள், வெயில் படவிடாதீர்கள். ஊசிக் குழலைக் கிருமிநாசினியால் கழுவினால் அதன் எச்சமே தடுப்பூசியைக் கொன்றுவிடும், கொதிநீர் போதும். ஊசி கழுத்தில் மட்டும். சினை மாட்டிடம் பால் குடிக்கும் கன்றுக்கு உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போடலாமா என்பது தாய்க்கு முன்பு போட்டதைப் பொறுத்தது. மருந்துப் புட்டியின் விவரச்சீட்டையும் தாயின் தடுப்பூசிப் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கன்றை லாரியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பதைவிட, வேலிக்கு இருபுறமும் நிறுத்திப் பிரிப்பதே நல்லது. பின்னல் கம்பி வலையும் அதனுடன் ஒரு மின்கம்பியும் இருந்தால் கன்று நுழையாது. மூன்று நாள் இரவும் பகலும் கத்தும். நான்காம் நாள் ஓயத் தொடங்கும். ஏழு நாளுக்கு முன் தாய்களை நகர்த்தாதீர்கள். கன்றுகள் வேலியோரமாகவே நடந்துகொண்டிருக்கும். அதனால் தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் பட்டியின் நடுவில் வைத்தால் அவற்றின் கண்ணில் படாது. அந்த நடைபாதைக்குக் குறுக்கே வையுங்கள். ஓடை நீரே குடித்து வளர்ந்த கன்றுக்குத் தொட்டி தெரியாது. முதல் இரண்டு நாள் மிதவை வால்வைத் திறந்தே கட்டிவையுங்கள். விழும் நீரின் சத்தம் கன்றை அழைத்துவரும். முதல் தீவனம் நல்ல உலர்புல்லாகவே இருக்கட்டும்.

மூன்று வாரம் வரை காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று பாருங்கள். காது தொங்கியிருப்பது, இடது பக்க வயிறு குழிந்திருப்பது, எல்லாம் தீவனத்துக்கு வரும்போது ஒன்று மட்டும் பின்தங்குவது, இவைதான் முதல் அறிகுறிகள். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே சிகிச்சை; இருமல் வரும்வரை காத்திருந்தால் நுரையீரலில் ஒரு பகுதி போய்விட்டிருக்கும்.

கன்று பிரிக்கும் நாளிலேயே தாய்களுக்குச் சினை பார்த்துவிடலாம். பொலிகாளையை மந்தையிலிருந்து எடுத்து 45 நாள் ஆகியிருந்தால் கையாலேயே தெரியும். சினை நிற்காத மாட்டை வைத்துக்கொள்வது என்றால் என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள். 600 கிலோ மாடு தினம் 13.5 கிலோ உலர்புல் தின்னும். சிந்துவது, மிதிபடுவது சேர்த்தால் 16 கிலோ. 130 நாளுக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல். 200 மாட்டுக்கு 550 கிலோ உருளைக் கட்டுகள் ஏறத்தாழ 750. களத்துக்குப் போய்க் கட்டுகளை நீங்களே எண்ணுங்கள், நாலைந்தை எடை போட்டும் பாருங்கள். குறைந்தால் சினையற்றவற்றையும் பல் தேய்ந்தவற்றையும் இப்போதே கழித்துவிடுவதுதான் சரி.

மேய்ச்சல் மாற்றத்தில் ஓர் ஆபத்து உண்டு. காய்ந்த மேட்டு நிலத்திலிருந்து மாடுகளை நேராகத் துளிர்த்த புல்வெளியில் இறக்கினால், இளம்புல்லிலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் வயிற்றில் நுரையீரலைத் தாக்கும் நஞ்சாக மாறும். நான்கு முதல் பத்து நாளுக்குள் வளர்ந்த மாடுகள் வாய் திறந்து மூச்சிரைக்கும். அப்படிப்பட்ட மாட்டைப் பட்டிக்கு ஓட்டாதீர்கள், ஓட்டும்போதே விழுந்து சாகும். முதல் நாள் வயிறு நிறைய உலர்புல் கொடுத்து, இரண்டு மணி நேரம் மட்டும் மேய விட்டு, பத்து நாளில் படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். பான்டரோசா பைன் மரங்கள் உள்ள பகுதியை டிசம்பருக்கு முன் வேலியால் அடைத்துவிடுங்கள். கடைசி மூன்று மாதச் சினையில் அந்த ஊசியிலையைத் தின்றால் கருச்சிதைவு ஆகும்.

பேன் மருந்தை முதுகில் ஊற்றுவதற்கும் காலம் உண்டு. அதே மருந்து தோலடிப் புழுவையும் (மாட்டின் உடலுக்குள் நகர்ந்து வளரும் ஒருவகை ஈயின் புழு) கொல்லும். அது உள்ள பகுதியில் காலம் தாழ்ந்து ஊற்றினால், தொண்டைக்கோ முதுகுத்தண்டுக்கோ வந்துவிட்ட புழுக்கள் அங்கேயே செத்து வீக்கம் உண்டாக்கும். கடைசித் தேதியை உள்ளூர் மருத்துவரிடம் கேளுங்கள்.

தண்ணீர்க் குழாயை உறைபனிக்கு முன் சோதியுங்கள். உறையாத வகைக் குழாயை மூடியதும் உள்ளே நிற்கும் நீர் அடியிலுள்ள துளை வழியே வடிய வேண்டும். நுனியில் ரப்பர் குழாயை மாட்டியே விட்டால் நீர் வடியாமல் உறைந்து, உள்குழாய் வெடிக்கும்.