மலையடிவாரத்தில் ஐஸ் டீ பவுடர் எதற்கு?

கேள்வி: வெயில் 40 டிகிரியை எட்டிவிட்டது. பிள்ளைகள் கடையில் விற்கும் ஐஸ் டீ பவுடர் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வீட்டில் போட்டால் கசக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடுகிறது. பாட்டில் தண்ணீரில் டீத்தூளைப் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தாலே போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. செய்யலாமா? – ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். எது அதிகம் இருக்கிறதோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் முதலில் நிற்பது சர்க்கரை. உங்கள் மாவட்டத்து நெல்லியாம்பதியிலேயே தேயிலை விளைகிறது. பொள்ளாச்சி வழியாக ஏறினால் வால்பாறை. இந்த மலைகளுக்கு அடியில் இருந்துகொண்டு, டீ வாசனை ஏற்றிய சர்க்கரைக்கா காசு கொடுப்பது?

இத்தனைக்கும் அமெரிக்காவில் ஐஸ் டீ பேர் வாங்கியதில் நம்ம ஊர்த் தேயிலைக்கும் பங்கு உண்டு. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு இந்தியத் தேயிலையை விற்கப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், அந்த வெயிலில் சூடான டீயைச் சீண்ட ஆளில்லாமல் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். அவர்தான் கண்டுபிடித்தார் என்பது மட்டும் கட்டுக்கதை. 1879-இல் வந்த ஒரு வர்ஜீனியா சமையல் புத்தகத்திலேயே செய்முறை இருக்கிறது.

சரி, உங்கள் டீ ஏன் கசக்கிறது? சூடு டீக்குச் செய்கிற மாதிரியே டஸ்ட் தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டிருப்பீர்கள். அந்தத் துவர்ப்பைப் பால் அடக்கிவிடும். இதில் பால் கிடையாதே! தூளை விட்டுவிட்டு இலைத் தேயிலை வாங்குங்கள். அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, நாலு டீஸ்பூன் இலையைப் போட்டு மூடிவையுங்கள். நாலைந்து நிமிடம் போதும். வடிகட்டும்போது கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். நம் வீடுகளில் பாதிக் கசப்பு அந்தப் பிழிசலில்தான் வருகிறது. சர்க்கரையைச் சூட்டோடு சூடாகக் கரைத்துவிடுங்கள், ஆறிய பிறகு போட்டால் அடியில் தங்கும். எட்டு டீஸ்பூன் தாராளம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதைவிட அதிகம் கொட்டுவார்கள், நமக்கு அந்தப் போட்டி வேண்டாம். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிற பழக்கமும் அங்கே உண்டு, துவர்ப்பு மட்டுப்படும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடைதான்.

அப்புறம் அரை லிட்டர் ஆறவைத்த தண்ணீரைச் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். கலங்கல் வருவது கெட்டுப்போனதால் அல்ல. காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஸ்ட்ராங்கான டீயைச் சூடாக உள்ளே வைத்தால் இன்னும் மோசம். கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் தெளியும். எலுமிச்சைச் சாறு குடிக்கும் நேரத்தில் போதும். நிறம் வெளுத்தால் பயப்படாதீர்கள், புளிப்பு பட்டால் டீ அப்படித்தான் வெளுக்கும்.

மொட்டை மாடி விஷயத்தில் அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள். பாலக்காட்டு வெயில் நம்மை வாட்டும், கிருமியைக் கொல்லாது. அந்த வெதுவெதுப்பு கிருமி பெருகத் தோதானது. இலையில் ஒட்டியிருப்பதும் சாகாது. அடுப்பே வேண்டாம் என்றால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் இலையைப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். கசப்பு அவ்வளவாக இருக்காது. இதற்குச் சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சாயங்காலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், தூக்கம் கெடும். அந்த நேரத்துக்குச் சம்பாரம் (காரம் சேர்த்த மோர்) கொடுங்கள். எப்படிப் போட்டாலும் மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கொழகொழப்போ நூல் நூலாக எதுவுமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.