கிராலர் கிரேனின் பூம் எப்போது உயரும்?
வணக்கம் ஐயா. டர்பன் துறைமுகப் பக்கம் கிராலர் கிரேன் (சங்கிலிப் பட்டைகளில் நகரும் பாரந்தூக்கி) பூட்டப்படுவதை மகனுடன் வேலிக்கு வெளியே நின்று இரண்டு நாள் பார்த்தும் அதன் நீண்ட தூக்குக் கையான பூம் உயரவில்லையே, வேலை நின்றுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நிற்கவில்லை. பூமின் பின்னல் சட்டத் துண்டுகளை மரக்கட்டைகள் மேல் கிடத்தி, துளைகளை ஒன்றோடொன்று பொருத்தி, கனத்த பின்களை அடித்து இறக்கி, ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஊசி போட்ட பிறகே தூக்குவார்கள். இந்தப் பொறுமையான வேலைதான் என் கண்ணுக்கு மிக அழகு, மகனுக்குக் காட்டுங்கள். பூமைப் பிடித்து நிறுத்தும் தாங்கு வடங்கள் அதில் மாட்டப்பட்டதும், தூக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆனாலும் பலத்த காற்றில் தூக்க மாட்டார்கள். டர்பனில் வடகிழக்குக் கடற்காற்று பெரும்பாலும் பிற்பகலில் வலுப்பதால், காலையிலேயே போய்விடுங்கள். பூம் நீட்டிக் கிடக்கும் திசையில் நிற்காமல் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். நுனி தரையை விட்டு எழுவது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.