லைட் அடித்தால் ‘ஒதுங்கு’ என்று அர்த்தமில்லை

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் எம்.எஸ்ஸி. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நண்பர்களோடு சேர்ந்து பழைய கார் வாங்கப் போகிறானாம். மதுரையில் மூன்று வருஷம் ஓட்டியவன். அந்த ஊர் வேகத்துக்கு ஈடுகொடுப்பானா? நம் லைசென்ஸ் அங்கே செல்லுமா?

பதில்: வேகத்துக்காகப் பயப்படாதீர்கள். இங்கேயும் இடதுபக்கம்தான். போர்டில் 30 என்றால் மைல் கணக்கு, அதாவது 48 கிலோமீட்டர். மதுரையில் ஓட்டியவனுக்கு இது ஒன்றுமே இல்லை. பழக வேண்டியது வேறு. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். நம்மூர் மாதிரி மூக்கை நுழைத்து இடம் பிடிக்கக் கூடாது. அப்புறம் ஹெட்லைட். எதிர் வண்டிக்காரர் லைட் அடித்தால் நம் ஊரில் ‘நான் வருகிறேன், ஒதுங்கு’. இங்கே பெரும்பாலும் ‘நீ போ’. நம் பையன் ஒதுங்கி நிற்பான், அவர் மறுபடி அடிப்பார், பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிடும்.

எனக்குக் கவலை அந்த ‘நண்பர்களோடு சேர்ந்து’தான். நம் ஊரில் இன்சூரன்ஸ் வண்டிக்கு. யார் ஓட்டினாலும் சரி. இங்கே பெரும்பாலும் பாலிசியில் பெயர் இருப்பவர்தான் ஓட்டலாம். நாலு பேர் ஓட்டினால் நாலு பெயரும் இருக்க வேண்டும். பிரீமியம் எகிறும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஓர் ‘அண்ணன்’ பாதி விலைக்குப் பாலிசி தருவதாக வருவார். பேப்பர் அசல் மாதிரியே இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் பொய். போலீஸ் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்தே கண்டுபிடித்துவிடும்: 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பெனால்டி பாயின்ட் (குற்றப் புள்ளி), வண்டியும் பறிபோகும். அண்ணன் போனை எடுக்க மாட்டார்.

இந்திய லைசென்ஸ் 12 மாதம் செல்லும். இன்டர்நேஷனல் பர்மிட் வேண்டியதில்லை. அதை விற்க வருபவரிடம் ஏமாறாதீர்கள். இந்த 12 மாதத்தைத்தான் எல்லோரும் தப்பாக எண்ணுகிறார்கள். குடியேறிய நாளிலிருந்து கணக்கு, கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நடுவில் பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுப் போனாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. இங்கே புரொவிஷனல் லைசென்ஸ் (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) எடுத்தாலும் நீளாது. அதற்குள் டெஸ்ட் தேறாவிட்டால், பதின்மூன்றாம் மாதம் அவன் மறுபடி கற்றுக்குட்டி: எல் போர்டு, பக்கத்தில் 21 வயது நிரம்பி மூன்று வருஷமாக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர். மதுரை அனுபவம் அன்றைக்கு உதவாது.

சரி, டெஸ்ட் எழுதிவிடலாமே என்கிறீர்களா? தியரி சுலபம். ஓட்டும் டெஸ்டுக்குத் தேதி கிடைப்பதுதான் திருப்பதி தரிசனம். வார நாளில் அரசுக் கட்டணம் 62 பவுண்டு. அந்தத் தேதிகளை மொத்தமாக வளைத்துப் போட்டு மூன்று மடங்குக்கு விற்க ஒரு கூட்டமே இருக்கிறது. வருஷக்கணக்காக இது நடக்கிறது, திருத்துகிறோம் என்கிறார்கள் அரசுக்காரர்கள், நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் பணமும் கொடுத்துத் தேதியும் இழந்தான். புரொவிஷனலுக்கும் தியரிக்கும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஓட்டும் டெஸ்டுக்கு அரசு இணையதளத்தில் தன் கையாலேயே பதிவு செய்யட்டும். ரத்தாகும் தேதிகள் அங்கேயும் வந்துபோகும்.

கார் வாங்கும்வரை பஸ்ஸில் போகட்டும். 2025 முதல் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கிடையாது. மாடி பஸ்ஸில் ஏறினால் மேலே முன்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரவுண்டானாவிலும் யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று மேலிருந்து நன்றாகத் தெரியும்.