கஜானாவில் துண்டு விழுந்தால் யார் பாக்கெட்டில் கை? – கேள்வி பதில்

கருவூலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பில் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான், வீடு தண்டையார்பேட்டை. மாநில அரசுக்குப் பணமுடை வந்தால் வரியை ஏற்றுவதா, செலவை வெட்டுவதா என்று போன வாரம் டீக்கடையில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. கேள்வி கேட்டவர்கள் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை, ஆட்டோ ஓட்டுபவர்: அண்ணே, வீட்டில் துண்டு விழுந்தால் செலவைக் குறைக்கிறோம். அரசும் அதையே செய்ய வேண்டியதுதானே?

நீங்கள் வீட்டில் கறி வாங்குவதை நிறுத்தினால் உங்கள் சவாரி குறையாது, தம்பி. அரசு நிறுத்தினால் குறையும், ஏனென்றால் அரசின் செலவு என்பது இன்னொருவரின் சம்பளம், அவர்தான் உங்கள் ஆட்டோவில் ஏறுகிறவர். அப்புறம், வெட்டலாம் என்று உட்கார்ந்தால் வெட்ட முடிகிற இடம் கொஞ்சம்தான். சம்பளம், பென்ஷன், வட்டி மூன்றும் அசையாது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டாரே, அதில் வட்டி மட்டும் ஒரு நாளைக்கு 87.31 கோடி என்று கணக்கு வந்தது. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார்கள், என் மனைவி உடனே பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கடனே தப்பு என்று சொல்ல மாட்டேன். வீடு கட்டக் கடன் வாங்குவது வேறு, மாதாமாதம் அரிசிக்குக் கடன் வாங்குவது வேறு. 2012-13 வரை தமிழ்நாட்டுக்கு வருவாய் உபரி, அதாவது அன்றாடச் செலவு போக மிச்சம், இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து அரிசிக்கே கடன். கொரோனா வந்த 2020-21-இல் அந்தப் பள்ளம் வெள்ளை அறிக்கைப்படி 61,320 கோடி.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜவுளிக்கடை: வரி ஏற்றினாலும் என் வியாபாரம் படுக்கும், வெட்டினாலும் படுக்கும். எது கொஞ்சம் தேவலை?

யார் மீது வரி என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2001-இல் மாநிலங்கள் இதே சிக்கலில் இருந்தபோது ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், பீட்டர் ஓர்சாக் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை எழுதினார்கள். விஷயம் சிம்பிள்தான். வசதியானவரிடம் நூறு ரூபாய் வரி வாங்கினால் அதில் ஒரு பகுதி அவர் சேமிப்பிலிருந்து போகும், கடைத்தெருவுக்கு முழு அடி விழாது. ஆனால் அரசு நேரடியாகப் பொருள் வாங்குவதிலோ, கடைநிலை ஊழியர் சம்பளத்திலோ நூறு ரூபாயை வெட்டினால் கிட்டத்தட்ட முழுசாக உங்கள் கல்லாவிலிருந்துதான் போகும். போட் கிளப் பங்களாவுக்குச் சொத்து வரி ஏறினால் நம் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் ஒரு சேலைகூடக் குறையாது, தீபாவளி போனஸைக் குறைத்துப் பாருங்கள்.

வரியைக் குறைத்தால் அரசுக்கு வருமானம் கூடும், அமெரிக்காவில் அப்படித்தான் என்று உங்கள் மருமகன் சொல்கிறாராம். கான்சாஸ் மாநிலம் 2012-இல் அதைத்தான் செய்தது. பட்ஜெட் ஓட்டையானது, 2017-இல் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். பணமுடை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை: கலிபோர்னியா 2009-இல் ரொக்கம் இல்லாமல் 'அப்புறம் தருகிறோம்' என்று கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. நம் ஊரில் அண்ணாச்சி கடை நோட்டு மாதிரி.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அப்படியென்றால் பணக்காரர்கள் மீது வரி போட வேண்டியதுதானே சார், ஏன் போடுவதில்லை?

நல்ல கேள்வி. போட அதிகாரம் இல்லை. விவசாய வருமானம் தவிர மற்ற வருமான வரி ஒன்றிய அரசுக்குரியது. தொழில் வரி போடலாம், ஆனால் அரசியல் சட்டப் பிரிவு 276 ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்கிறது. 1988-இல் வைத்த உச்சவரம்பு! ஐடி கம்பெனி அதிகாரி மாதம் ஐந்து லட்சம் வாங்கினாலும் அதே 2,500-தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரியின் பெரும்பகுதியும் கைவிட்டுப் போயிற்று, ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் முக்கால் பங்கு வாக்கு இல்லாமல் எதுவும் நடக்காது, ஒன்றிய அரசின் கையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வண்டி வரி, மின்சார வரி. இதனால்தான் பணமுடை வந்தாலே எல்லா அரசும் பெட்ரோலையும் பாட்டிலையும் பார்க்கிறது.

தண்டையார்பேட்டை, குடும்பத் தலைவி: 2022-இல் எங்கள் 580 சதுர அடி வீட்டுக்கு 50 சதவீதம் சொத்து வரி ஏறியது, திருவொற்றியூரில் நாத்தனார் வீட்டுக்கு 25-தான். இது என்ன நியாயம் சார்?

நாத்தனார் சண்டைக்கு நான் வரவில்லை அம்மா! திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரமெல்லாம் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகள், அவற்றுக்கு 600 சதுர அடி வரை 25. பழைய நகரப் பகுதி என்பதால் நமக்கு 50, அதே பழைய பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 150. பெரிய வீட்டுக்குப் பெரிய சதவீதம் என்பதை நான் ஆதரிக்கிறேன்.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். சென்னையில் சொத்து வரியை மொத்தமாகத் திருத்திய முந்தைய பொதுச் சீராய்வு 1998. நடுவில் 2018-இல் ஏற்றி, 2019-இல் நிறுத்திவைத்தார்கள். இருபத்து நான்கு வருடம் தொடாமல் விட்டுவிட்டு, உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைத் திருத்து என்று, ஒன்றிய வரிப் பணத்தைப் பங்கிடும் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்ட பிறகு ஒரே நாளில் தலையில் வைத்தால் எந்தக் குடும்பம் தாங்கும்? பஸ் கட்டணமும் இதே கதைதான். 2011 நவம்பரில் ஒரே மூச்சில் பஸ், பால் ஏறின, அப்புறம் ஆறு வருடம் அமைதி, 2018 ஜனவரியில் மாநகரப் பேருந்தில் மூன்று ரூபாய் டிக்கெட் ஐந்து ரூபாய் ஆனதும் மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வருடத்துக்கு ஐந்து, ஆறு சதவீதம் ஏற்றியிருந்தால் முணுமுணுப்போடு முடிந்திருக்கும்.

பெரம்பூர், ஆசிரியை: வெட்டு என்றாலே எங்கள் மேல்தான் கை வைக்கிறார்கள். சரிதானா?

பாதி சரி. 2003-ஐ மறக்க முடியுமா? ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்தார்கள், ஜூலையில் வேலைநிறுத்தம், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா சட்டத்தின் பாணியில் மாநிலத்தின் டெஸ்மா, சுமார் 1.7 லட்சம் பேர் வேலை நீக்கம். உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் உரிமையே அல்ல என்றது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று ஆனதும் அந்த வருட விளைச்சல்தான். 2020-இல் வேறு வித்தை: ஓய்வு வயது 58 ஐ 59 ஆக்கி, மறு வருடம் 60. பணிக்கொடை கொடுப்பது இரண்டு வருடம் தள்ளிப்போனது. இதை வெட்டு என்று சொல்ல மாட்டேன், வாய்தா. அந்த இரண்டு வருடத்தில் உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் காலியாகவில்லை என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

வியாசர்பாடி, வீட்டு வேலை செய்பவர்: ஐயா, எங்களுக்கு வரும் ஆயிரம் ரூபாயை நிறுத்தினால் கடன் தீருமா?

தீராது அம்மா. இந்த மகளிர் உரிமைத் தொகைக்கு வருடத்துக்கு 12,000 கோடிக்கு மேல் ஆகிறது, சின்னக் காசில்லை. ஆனால் அது முதல் வாரத்திலேயே மளிகைக் கடைக்குப் போகிற பணம், வருமான வரம்பும் உண்டு. 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், அதற்கு வரம்பே இல்லை, ஏசி நாலு ஓடும் பங்களாவுக்கும் முதல் 100 சும்மா. வெட்டுகிற கத்தியை என்னிடம் கொடுத்தால் நான் அங்கேதான் வைப்பேன். ஓட்டு கேட்கப் போகிறவர் வைக்க மாட்டார்.

காசிமேடு, விசைப்படகில் வேலை: டாஸ்மாக் வருமானம் இல்லாமல் நாடு ஓடாதாமே?

2023-24-இல் 45,855 கோடி வந்தது, ஆகவே ஒரே நாளில் மூடு என்று சொல்பவரிடம் பதிலுக்கு எந்த வரி என்று கேளுங்கள். அதே நேரம் எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான வரி இல்லை. தினக்கூலிக்காரனிடம் வாங்கி, அவனையே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செலவு செய்கிறோம்.

மணலி, சிறு கான்ட்ராக்டர்: ஒரு அரசுக் கட்டட வேலை முடித்து எட்டு மாதம் ஆகிறது, பில் பாஸ் ஆகவில்லை. கேட்டால் 'ஃபண்ட் இல்லை'. இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

எந்தக் கணக்கிலும் வராது. அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு, பணம் கைமாறினால்தான் செலவு. மார்ச் 31-க்குள் உங்கள் பில்லைப் பாஸ் செய்யாவிட்டால் அந்த வருடப் பற்றாக்குறை அத்தனை ரூபாய் குறைவாகத் தெரியும். சட்டசபையில் யாரும் அறிவிக்காத, பேப்பரில் வராத வெட்டு இது. நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பில்லை அடுக்கி வைத்தவன், அதனால் சொல்கிறேன். நீங்கள் வட்டிக்கு வாங்கி மேஸ்திரிக்குக் கூலி கொடுத்திருப்பீர்கள், அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் சேர்த்துத்தான் ரேட் போடுவீர்கள், யார் போட மாட்டார்கள்? அரசு மிச்சம் பிடித்ததாக நினைத்தது அங்கே திரும்பிப் போய்விடும். இப்போதைக்கு, முடித்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்து முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், பில் சமர்ப்பித்த தேதிக்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். ஏப்ரலில் புது ஒதுக்கீடு வந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், மே மாதம் போனால் உங்களுக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.