வீடு, வெயில், மழை: வாசகர் கேள்வி-பதில்

மேற்குப் பார்த்த படுக்கையறை. ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு இருந்தும் வைகாசி மாலையில் சுவரில் கை வைக்க முடியவில்லை. சன்ஷேடை 3 அடியாக நீட்டலாமா?
- வாசகர், மதுரை

நீட்டினால் காசுக்குத்தான் கேடு. சன்ஷேடு உச்சி வெயிலுக்கு உதவும், சாய்வெயிலுக்கு உதவாது. மே நடுவில், மாலை நாலரைக்கு மதுரையில் சூரியன் 28 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது 2 அடி சன்ஷேடு மறைப்பது ஜன்னலின் மேல் 1 அடியை. மூன்றடி ஆக்கினால் ஒன்றரை அடி. இதே 2 அடி தெற்கு ஜன்னலில் இருந்தால், மார்கழி நண்பகலில்கூட 3 அடி நிழல் விழும்.

மேற்குக்கு வேண்டியது நெட்டுக்குத்தாக நிற்கும் மறைப்பு. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மூங்கில் தட்டி நட்டு, தை கடைசியில் பீர்க்கு ஊன்றுங்கள். சித்திரை வெயிலுக்குள் மூடிவிடும். வருடம் முழுக்க வேண்டுமானால் கோவைக்கொடி. கொடியைச் சுவரிலேயே ஒட்டிப் படரவிடாதீர்கள்: இடையில் காற்று ஓடாது, ஈரம் கோத்துக்கொள்ளும், எறும்பு ஏறும். இடம் இருந்தால் 15 அடி தள்ளி ஒரு புங்கன் வையுங்கள்.

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது மதுரை, திருச்சி போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் நன்றாகக் குளிர்விக்கும். கடலோர ஊர்களில் ஏற்கெனவே காற்றில் ஈரம் அதிகம்; அங்கே புழுக்கம்தான் கூடும்.

எலிப்பொறிக் கட்டில் (ராட் ட்ராப் பாண்ட்) சுவர் எழுப்பினால் செங்கல் மிச்சம் என்கிறார்கள். எங்கள் கொத்தனாரோ ‘சுவர் நிற்காது’ என்கிறார். எது சரி?
- வாசகர், தஞ்சாவூர்

சுவர் நிற்கும். இங்கிலாந்திலிருந்து வந்த இந்தக் கட்டுமுறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கினார். இரண்டு மாடி வரை சுமை தாங்கும் சுவராகவே இதைக் கட்டுகிறார்கள்.

செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துகிறோம். வெளிமுகத்தில் ஒன்று, உள்முகத்தில் ஒன்று, நடுவில் 3 அங்குலப் பொந்து. இரண்டையும் இணைக்க ஒரு கல் குறுக்கே. சுவர் கனம் வழக்கமான 9 அங்குலம்தான். 9×4½×3 அளவுக் கல்லில், சேதாரம் சேர்க்காமல், 100 சதுர அடி சாதாரணச் சுவருக்குச் சுமார் 900 கல் பிடிக்கும். இதில் 700-க்குள் முடியும். கலவையும் நன்றாகக் குறையும். பொந்தில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் ஒற்றைத்தள வீட்டில் முதல் எதிரி மொட்டை மாடி. அதற்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடாமல் சுவரை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

கெடுவது எங்கே என்றால், முதலில் கல்லில். கோணலான சூளைக் கல்லில் இரண்டு முகமும் தூக்கு நூலுக்கு வராது. ஓரம் கூர்மையான, ஒரே அளவுக் கல்லாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடொன்று தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அடுத்தது, கலவை பொந்துக்குள் கொட்டுவது. விழுந்த கலவை இரு முகத்துக்கும் பாலமாகி, மழை ஈரத்தை உள்ளே கடத்தும். 2¾ அங்குல அகலப் பலகையைப் பொந்தின் மேல் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் கலவை போடச் சொல்லுங்கள். வரிசை முடிந்ததும் பலகையை எடுத்து அடுத்த வரிசைக்கு நகர்த்தலாம்.

பெரிய தலைவலி எலெக்ட்ரீஷியன். கட்டி முடித்த பிறகு காடி வெட்டினால் கல் பொந்துக்குள் உடைந்து விழும். பைப்பைக் கட்டும்போதே பொந்துக்குள் இறக்கிவிட வேண்டும். சுவிட்சுப் பெட்டி எங்கே என்று அஸ்திவாரம் போடும்போதே முடிவாகியிருக்க வேண்டும். அடிவரிசை, ஜன்னல் அடி, லிண்டல் அடி, கூரை அடி, மூலைகள், கதவு-ஜன்னல் ஓரங்கள் எல்லாம் பொந்தில்லாமல் நிறைகட்டாக வரவேண்டும். வாஷ்பேசின், அலமாரி மாட்டும் இடமும் அப்படியே. இதை விட்டால் எலிப்பொறியில் நிஜமாகவே எலி குடியேறும்.

பழகாத கைக்கு முதல் சில நாள் வேலை மெதுவாகத்தான் போகும். காம்பவுண்டுச் சுவரில் பழகவிட்டு, பிறகு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மழைநீர்க் குழி இருக்கிறது, ஆனால் தண்ணீர் வாசலுக்கு வழிகிறது. ஏன்?
- வாசகர், தாம்பரம்

2003-க்குப் பிறகு சட்டத்துக்காகத் தோண்டிய பல குழிகளின் நிலை இதுதான். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கு 930 லிட்டர் விழும்; நனைவது, தெறிப்பது போகச் சுமார் 750 வரும். 3×3×3 அடிக் குழியில் கல் நிரப்பினால் மிஞ்சும் இடைவெளி 300 லிட்டர்கூடத் தேறாது. அதில் வண்டல் வேறு படிந்திருக்கும்.

புரட்டாசியிலேயே மேல்மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். முதல் 1-2 மி.மீ. மழையை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். மாடித் தூசியில் பெரும்பங்கு அதோடு போய்விடும். பிறகும் வழிந்தால் மண்ணைச் சோதியுங்கள். 3 அடி ஆழத்தில் சிறு குழி தோண்டி நீர் நிரப்பி, அது ஊறியபின் மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் மட்டம் அசையவே இல்லையென்றால் அது களிமண். குழியைப் பெரிதாக்குவது வீண். மணல் தட்டும்வரை துளையிட்டு இறக்குங்கள், அல்லது வடிகட்டித் திறந்த கிணற்றுக்கு விடுங்கள்.

கரிசல் மண். வீட்டுச் சுவரிலிருந்து 5 அடியில் வேம்பு வைக்கலாமா?
- வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். கரிசல் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்சும் பக்கம் மட்டும் மண் இறங்கி, சுவரில் சாய்வாக வெடிப்பு விழும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். கைப்பிடிச் சுவர் விரிசலில் தானாக முளைத்த அரசங்கன்றை இன்றே வேரோடு எடுத்துவிடுங்கள்.