மேடையேறிய தப்புப் பறை: வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் ‘மனுசங்கடா’ என்ற பாடலைப் பாடினார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் கே.ஏ. குணசேகரன் என்று அறிவிப்பாளர் கூறியதோடு சரி. அவர் யார்? (செந்தூல் வாசகர்)

பதில்: கரு. அழ. குணசேகரன் என்பது முழுப்பெயர், நெருங்கியவர்களுக்குக் கே.ஏ.ஜி. சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடியை அடுத்த மாரந்தையில் 1955-ஆம் ஆண்டு ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இளையான்குடியில் தமக்கு உறைக்காத சாதி, உறவினர்களைப் பார்க்கச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் போகும்போதெல்லாம் முகத்தில் அறைந்ததை, 2005-இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் அவர் அழாமலும் ஆர்ப்பரிக்காமலும் எழுதியிருக்கிறார். நாட்டுப்புறவியலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாசு சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார். ‘பலி ஆடுகள்’ என்ற அவருடைய நாடகம் தமிழின் தொடக்கக்காலத் தலித் நாடகங்களுள் வைத்துப் பேசப்படுகிறது. 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட பாடலின் சொற்கள் அவருடையவை அல்ல. கவிஞர் இன்குலாப் எழுதியவை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதன் தொடர்ச்சியாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதன் நினைவோடு சேர்த்தே அக்கவிதை இன்றளவும் பாடப்படுகிறது. இன்குலாபும் அதே 2016-இல், டிசம்பர் முதல் நாள் மறைந்தார். எழுதியவரை ஓர் ஆண்டின் கடைசியிலும் பாடியவரை அதன் முதலிலும் இழந்தோம்.

அரங்கம் ஏன் அமைதியானது என்பதற்கு என் விளக்கம் அந்த ‘டா’வில் இருக்கிறது. பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன், தன் தாத்தா வயதுள்ள உழவுத் தொழிலாளியை அழைக்கப் பயன்படுத்திய விகுதி அது. பாடல் அதை அப்படியே எடுத்து, அழைத்தவர் பக்கமே திருப்பி நீட்டுகிறது. நம் மலேசியாவிலும் அதன் பொருள் தெரியாதவர் யார்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் எழுத்தரான கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பது, 1941 கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கூலியோடு சேர்த்தே அதையும் கேட்டார்கள்.

கேள்வி: பேராசிரியராக இருந்தவரை நாட்டுப்புறப் பாடகர் என்று சொல்வது பொருந்துமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: பொருந்தும். ஆராய்ச்சிக்காகப் பாட்டைத் தேடிப் போனவர் அல்லர் அவர். பாட்டோடு வளர்ந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். தாம் பாடியதோடு நில்லாமல், வயலிலும் திருவிழாவிலும் பாடிக்கொண்டிருந்தவர்களையும் மேடைக்கு அழைத்து வந்தார். இன்று திரைப்பாடல்களால் நீங்கள் அறிந்திருக்கும் சின்னப்பொண்ணு அவரோடு மேடையேறியவர்களுள் ஒருவர்.

கேள்வி: என் மகன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான், தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடிகளோடு வாசித்துக்கொண்டு போவான். இப்போது தப்பு என்று நாம் சொல்லும் பறையைக் கற்கப்போவதாகச் சொல்கிறான். “தப்பு சாவுக்கு அடிப்பது, வீட்டுக்குள் கொண்டு வராதே” என்கிறார் என் மாமியார். குணசேகரன் இதற்கு என்ன சொல்லியிருப்பார்? (பட்டர்வர்த் வாசகி)

பதில்: அவர் வாயில் சொற்களை வைக்க நான் விரும்பவில்லை, அவர் செய்ததைச் சொல்கிறேன். தலித் அரசியலும் கலையும் கைகோத்து எழுந்த காலத்தில், சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த பறையை மேடையின் நடுவில் நிறுத்திய கலைஞர்களின் வரிசையில் அவர் முன்னால் நின்றார். அங்கே அது துணைக்கருவியாக இல்லை. பாடல் தொடங்குவதற்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடும்.

உங்கள் மாமியாரின் சொல்லை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டால் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) யார் போய்விட்டார் என்று கேட்ட தலைமுறை அது; அச்சத்தோடு துக்கமும் அதில் இருக்கிறது. ஆயினும் அதே தப்பு தீமிதியிலும் அடிக்கப்பட்டதை அவரே நினைவுகூரக்கூடும், கேட்டுப் பாருங்கள். சாவுக்கும் சாமிக்கும் ஒரே கருவி வேண்டியிருந்தது. அதை அடித்தவர் மட்டும் வீட்டுக்குள் வேண்டாதவராக இருந்தார். தீட்டு தோலில் இல்லை என்பதற்கு உங்கள் மகனின் உறுமியே சாட்சி. வளைந்த குச்சியால் மகன் தேய்த்து முழக்குவதும் தோலைத்தானே!

மகன் பறை கற்கும் முதல் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, பறையின் முகத்தை அனலில் காட்டிச் சுழற்றுவார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். தொளதொளவென்றிருந்த ஒலி மெல்ல இறுகி, ஒரு கட்டத்தில் கணீரென்று மாறும். இடக்கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. நம் வானிலையில் மழைக்காற்று பட்டால் தோல் மறுபடியும் தளர்ந்துவிடும். மீண்டும் காய்ச்ச வேண்டும்.

கேள்வி: குணசேகரன் தொகுத்ததுபோல் நம்மிடம் ஏதேனும் உண்டா? எங்கள் பாட்டிக்கு 86 வயது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்துப் பாட்டுகளை முணுமுணுப்பார். எப்படிப் பதிவு செய்வது? (கெப்போங் வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் பாடியவர்களின் எண்ணிக்கைக்கு முன் பதிவானவை மிகச் சொற்பம். கப்பலேறி வந்த கதை, வேலை வாங்கும் கங்காணியின் வசவு, ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத கணவன் என்று இங்கேயே பிறந்த பாட்டுகள் நம்மிடம் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, சேர்ந்து வேலை செய்யும் இடம் போயிற்று. அதோடு சேர்ந்து பாடும் தேவையும் போயிற்று.

கைத்தொலைபேசி போதும். “பாட்டி, ஒரு பாட்டுப் பாடுங்கள்” என்று கேட்டால் அநேகமாகப் பழைய சினிமாப் பாட்டுத்தான் வரும். விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றதைக் கேளுங்கள், பால் வாளி தூக்கியதைக் கேளுங்கள். பேச்சு நடுவில் பாட்டு தானாக வரும். அவர் சொல்லும் கொச்சையைத் திருத்தாதீர்கள். கெட்ட வார்த்தை வந்தால் அதையும் எழுதுங்கள். கங்காணியைத் திட்டும் பாட்டில் அதுதான் உயிர். ஒரே பாட்டை அடுத்த வாரம் வேறுவிதமாகப் பாடினால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது, யாரிடம் கேட்டது என்ற மூன்றையும் அன்றைக்கே ஒரு தாளில் குறித்துவிடுங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். பாட்டி சம்மதித்தால் மட்டும்.